108-ல நின்னுபோன திருக்குறள்

இன்னைக்கு ஒரு கழித்தல் கணக்கோட ஆரம்பிக்கலாம். திருக்குறள்ல மொத்தம் 133 அதிகாரம். அறத்துப்பால் 38, பொருட்பால் 70, காமத்துப்பால் 25. கடைசி 25-ஐ ஒதுக்கிட்டா மிச்சம் 108.

இந்த 108 வரலாற்றுல ரெண்டு தடவை தலைகாட்டுது. முதல் தடவை 1730 வாக்கில். இத்தாலியில பிறந்து, இயேசு சபைப் பாதிரியாரா தமிழ்நாட்டுக்கு வந்து, நாம வீரமாமுனிவர்னு கூப்பிடுற கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி, திருக்குறளை லத்தீன்ல மொழிபெயர்க்கிறார். அறத்துப்பால் முடிச்சார். பொருட்பால் முடிச்சார். அதோட எழுத்தாணியைக் கீழ வச்சிட்டார். காமத்துப்பாலை அவர் தொடல.

ரெண்டாவது தடவை 2016 ஏப்ரல்ல. சென்னை உயர் நீதிமன்றத்தோட மதுரைக் கிளை ஒரு உத்தரவு போட்டுச்சு. 6-ஆம் வகுப்புல இருந்து 12-ஆம் வகுப்பு வரைக்கும் பாடத்திட்டத்துல திருக்குறளைச் சேர்க்கணும், அறத்துப்பால், பொருட்பால் ரெண்டிலும் இருக்கிற 108 அதிகாரங்களையும் சொல்லிக் கொடுக்கணும்னு. ஒழுக்கமுள்ள தலைமுறை வளரணுங்கிறதுதான் அதுக்குச் சொன்ன காரணம். நோக்கத்துல ஒரு குறையும் இல்ல. மனப்பாடப் பகுதிக்கு இருபது குறள்னு ஒப்பேத்திட்டு இருந்ததுக்கு இது எவ்வளவோ மேல்.

ஆனா கவனிங்க. ஒருத்தர் பிரம்மச்சரிய விரதம் எடுத்த பாதிரியார். இன்னொண்ணு மதச்சார்பற்ற நாட்டோட நீதிமன்றம். நடுவுல கிட்டத்தட்ட முந்நூறு வருஷம். ரெண்டு பேரும் கத்தரிக்கோல் வச்ச இடம் மட்டும் ஒரே இடம்.

ஒழுக்கத்தைச் சொல்லிக் கொடுக்கணும்னா ஆசையையும் ஏக்கத்தையும் ஊடலையும் வாசல்லயே விட்டுட்டு வரணுமா? நல்லவனா இருக்கிறது புத்தியோட வேலையா, மனசோட வேலையா? 17, 18-ஆம் நூற்றாண்டுல ஐரோப்பாவை ஆட்டிப் படைச்ச கேள்வி இது. அந்தச் சண்டையோட ஒரு நுனி ஜெர்மனியில, பிரான்ஸ்ல இருந்தா, இன்னொரு நுனி நம்ம தரங்கம்பாடியில, பாண்டிச்சேரியில இருந்துச்சு. இந்த எபிசோட் அதைப் பத்தித்தான்.

முதல்ல, அந்த 25 அதிகாரத்துக்குள்ள அப்படி என்னதான் இருக்கு? பள்ளிக்கூடத்துல அதோட பேரைக்கூட இன்பத்துப்பால்னு மாத்தித்தான் சொல்லுவாங்க. ஏதோ பயங்கரமா இருக்கும்னு நினைச்சு எடுத்துப் படிச்சா ஏமாந்துடுவீங்க. களவியல் 7 அதிகாரம், கற்பியல் 18 அதிகாரம். இதுல பெரும்பகுதி பிரிஞ்சு இருக்கிறதைப் பத்தியது. கண்விதுப்பழிதல், பசப்புறு பருவரல், நெஞ்சொடு கிளத்தல், நிறையழிதல், நெஞ்சொடு புலத்தல். அதிகாரத்தோட பேரைப் பார்த்தாலே போதும், இது முழுக்க மனசுக்குள்ள நடக்கிற சமாச்சாரம்னு தெரிஞ்சிடும். ஒரு பொண்ணு தன்னோட கண்ணைத் திட்டுறா. நீதானே அவனைக் காட்டிக் கொடுத்தே, இப்ப நீயே உக்காந்து அழுதா எப்படின்னு கேக்கிறா. இன்னொரு இடத்துல நெஞ்சுகிட்ட, அவன்கிட்ட போறதா இருந்தா இந்தக் கண்களையும் கூட்டிட்டுப் போயிடு, பார்க்கணும் பார்க்கணும்னு என்னைத் தின்னுதுங்கன்னு சொல்றா.

இந்த 25-ல ஒரு வித்தியாசம் இருக்கு. மத்த 108 அதிகாரத்துல வள்ளுவர் பேசுறார், நாம கேக்கிறோம். காமத்துப்பால்ல வள்ளுவர் ஒதுங்கிக்கிறார். தலைவன் பேசுறான், தோழி பேசுறா, எல்லாரையும்விட அதிகமா தலைவி பேசுறா. எது யார் கூற்றுன்னு உரைகாரங்க பிரிச்சு வச்சிருக்கிறதைப் பார்த்தா, கற்பியல்ல பெரும்பாலும் அவ குரல்தான். அந்த 108-லயும் பெண் வர்றா, இல்லேன்னு சொல்லல. வாழ்க்கைத் துணைநலத்துல வர்றா, பெண்வழிச் சேறல்ல வர்றா, வரைவின் மகளிர்ல வர்றா. அங்கெல்லாம் அவளைப் பத்தி இன்னொருத்தர் பேசுறார். பெண்வழிச் சேறல் அதிகாரமே பொண்டாட்டி பேச்சைக் கேட்டு நடக்காதேங்கிறதுதான். அவ வாய் திறக்கிற ஒரே இடம் காமத்துப்பால்.

இதை மனசுல வச்சுக்கோங்க. இப்ப கொஞ்சம் ஐரோப்பாவுக்குப் போயிட்டு வரலாம்.

பெஸ்கி பிறந்தது 1680-ல. அவர் பிறக்கிறதுக்கு முன்னாடியே அங்க இந்த விவாதம் சூடு பிடிச்சிருச்சு. 1643-ல பொஹீமியா இளவரசி எலிசபெத், தத்துவவாதி டெகார்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதுறாங்க. இளவரசின்னு பேருதான், ராஜ்யம் பறிபோய் ஹாலந்துல அகதியா இருக்கிற குடும்பம். மனசு வேற, உடம்பு வேறன்னு சொல்றீங்களே, அப்புறம் எப்படி மனசு உடம்பை அசைக்குதுன்னு கேக்கிறாங்க. டெகார்ட்டோட மொத்த சிஸ்டத்துலயும் இருக்கிற பக்கை நேரா தொட்ட கேள்வி அது. ரெண்டு வருஷம் கழிச்சு எலிசபெத்துக்கு விடாத காய்ச்சல், இருமல். துக்கம்தான் காரணம்னு டெகார்ட் நினைக்கிறார். புத்தியால மனசை அடக்கினா சந்தோஷமா இருக்கலாம்னு புஸ்தகம் சிபாரிசு பண்றார். எலிசபெத் விடல. சில நோய் வந்தா யோசிக்கிற சக்தியே போயிடுதே, அப்ப எந்த புத்தியை வச்சு எதை அடக்குறதுன்னு திருப்பிக் கேட்டாங்க.

இந்தக் கடிதங்கள்ல இருந்து வளர்ந்ததுதான் 1649-ல டெகார்ட் வெளியிட்ட, மனசோட உணர்ச்சிகளைப் பத்தின புஸ்தகம். உணர்ச்சி இயல்பாவே நல்லது, அதை நடத்திட்டுப் போகத் தெரியணும்கிற இடத்துக்கு அவர் வந்து சேர்றார். ஒரு இளவரசி தன்னோட காய்ச்சலைப் பத்தி வெளிப்படையா எழுதினதால நகர்ந்த தத்துவம் அது. நம்ம தலைவி கண்ணைத் திட்டுறதும் எலிசபெத் டெகார்ட்டை மடக்குறதும் எனக்கு ரொம்பத் தூரமான விஷயங்களா தெரியல. உள்ள என்ன நடக்குதுங்கிறதை அனுபவிக்கிற ஆளே சொல்றாங்க.

அடுத்து 1682. பியர் பேல்னு ஒரு பிரெஞ்சுக்காரர். ரெண்டு வருஷம் முன்னாடி வானத்துல ஒரு வால் நட்சத்திரம் வந்து ஊரே பயந்து போயிருந்துச்சு. அதைச் சாக்கா வச்சு ஒரு புஸ்தகம் எழுதினார். உள்ள ஒரு வெடிகுண்டு. கடவுள் நம்பிக்கையே இல்லாதவங்க சேர்ந்து ஒரு சமூகம் அமைச்சா, அதுவும் ஒழுக்கமா இருக்க முடியும்னு சொல்றார். அவர் சொன்ன காரணம்தான் சுவாரஸ்யம். மனுஷன் தான் நம்புற கொள்கைப்படி நடக்கிறதே இல்ல. சுபாவம், பழக்கம், அந்த நேரத்து ஆசை, இதுதான் அவனை நடத்துது. இல்லேன்னா இவ்வளவு பக்திமான்கள் எப்படி இவ்வளவு அயோக்கியத்தனம் பண்றாங்க?

இதைப் புரிஞ்சுக்க எங்க ஊருக்கு வந்தா போதும். வேடசந்தூர்ல புகையிலை ஆராய்ச்சி நிலையம் ஒண்ணு இருக்கு. மெல்லுற புகையிலை எங்க பக்கத்துப் பயிர். புகையிலை கெடுதல்னு தெரியாத ஆள் ஒருத்தரையும் நீங்க அங்க பார்க்க முடியாது. பாக்கெட்ல படமே போட்டிருக்கு. தெரிஞ்சுதான் கன்னத்துல அடக்கிக்கிறாங்க. புத்திக்குத் தகவல் போய்ச் சேர்ந்தாச்சு, கை கேக்கல. அந்தச் செடியைப் போர்ச்சுகீசியர்கள் இந்தியாவுக்குக் கொண்டு வந்த அதே காலத்துலதான் மதுரைக்கு இயேசு சபைப் பாதிரியார்களும் வந்தாங்கங்கிறது ஒரு தனி வேடிக்கை.

சரி, தரங்கம்பாடி. 1706 ஜூலையில சீகன்பால்க் அங்க வந்து இறங்குறார். டென்மார்க் ராஜா அனுப்பின ஜெர்மன்காரர், லூத்தரன் மிஷனரி, வயசு 24 தான். வந்த ரெண்டே வருஷத்துல நூத்துக்கும் மேற்பட்ட தமிழ்ச் சுவடிகளைச் சேர்த்து, ஒவ்வொண்ணா குறிப்பு எழுதி, ஒரு பட்டியல் போடுறார். அதுல திருவள்ளுவரும் இருக்கார். 1708-லேயே நீதிவெண்பா, கொன்றை வேந்தன், உலகநீதி மூணையும் ஜெர்மன்ல மொழிபெயர்த்துடுறார். பைபிள் கிடைக்காத ஒரு ஜனம் இயற்கையா இருக்கிற அறிவை வச்சே இவ்வளவு தூரம் வந்திருக்கேன்னு ஆச்சரியப்பட்டு எழுதினார்.

இந்த ஆச்சரியம் இன்னைக்கு நமக்குச் சாதாரணமா தெரியும். "ஆமாப்பா, எங்ககிட்ட எல்லாம் இருக்கு"ன்னு வாட்ஸப் ஃபார்வர்ட் போட்டுடுவோம். அன்னைக்கு அது ஆபத்தான பேச்சு. வேதம் இல்லாம ஒழுக்கம் சாத்தியம்னா வேதம் எதுக்கு? மிஷனரி எதுக்கு? தான் எந்தக் கிளையில உக்காந்திருந்தாரோ அதே கிளையை சீகன்பால்க் லேசா அறுத்துட்டு இருந்தார்.

அவருக்குப் பின்புலமா இருந்தது ஜெர்மனியில ஹாலேங்கிற ஊர். அங்க ஃபிராங்கேன்னு ஒரு பெரிய மதத்தலைவர், தரங்கம்பாடி மிஷனுக்கு ஐரோப்பாவுல முதுகெலும்பே அவர்தான். 1713-ல சீகன்பால்க் தென்னிந்தியத் தெய்வங்களைப் பத்தி ஒரு பெரிய நூல் எழுதி அனுப்புறார். ஹாலே அதை அச்சுப் போடல. பொய்த் தெய்வ வழிபாட்டை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவுல பரப்புறதுக்கு இல்லேன்னு ஃபிராங்கே பதில் சொன்னதா சொல்லுவாங்க. கடைசியில அது அச்சானது 1867-ல, சென்னையில. மூணு நீதி நூல் மொழிபெயர்ப்பு இன்னும் மோசம், 1930 வரைக்கும் அச்சைப் பார்க்கல. 222 வருஷம். மெர்ஜ் பண்ணாம கிடந்த ஒரு புல் ரிக்வெஸ்ட் மாதிரி.

ஹாலே அச்சுப் போட்ட ஒரு விஷயமும் உண்டு. சீகன்பால்க்கும் அவரோட சகாவும் தமிழர்கள்கிட்ட கடிதம் மூலமா கேள்வி கேட்டு, பதில் வாங்கி, அதை ஜெர்மன்ல பெயர்த்து அனுப்பினாங்க. 1714-ல இருந்து அது வெளிவந்துச்சு. அந்தத் தமிழர்கள் பதில் மட்டும் சொல்லல. நீங்க குடிக்கிறீங்க, சுத்தபத்தமா இருக்கிறதில்ல, உங்க ஆளுங்க நடத்தையைப் பார்த்தா உங்க மதத்துக்கு எப்படி வர்றதுன்னு திருப்பிக் கேட்டாங்க. பேல் ஐரோப்பா பக்கத்து அனுபவத்தை வச்சு சொன்னதை இவங்க தரங்கம்பாடிக் கோட்டையைப் பார்த்துட்டே சொல்லிட்டாங்க.

இப்ப 1721, அதே ஹாலே. பல்கலைக்கழகத்துல கணிதம், தத்துவம் நடத்துற கிறிஸ்டியான் வோல்ஃப் ஒரு உரை நிகழ்த்துறார். தலைப்பு சீனர்களோட நடைமுறை ஒழுக்கம். கன்ஃபூசியஸை உதாரணம் காட்டி, தெய்வ வெளிப்பாடு இல்லாம, பகுத்தறிவை மட்டும் வச்சே மனுஷன் ஒழுக்கத்தைக் கண்டுபிடிக்க முடியும்னு சொல்றார். ஃபிராங்கேயோட கூட்டம் கொதிச்சுப் போச்சு. விவகாரம் ராஜா காதுக்குப் போய், 1723 நவம்பர்ல உத்தரவு வருது. 48 மணி நேரத்துல ஊரை விட்டுப் போகணும், இல்லேன்னா தூக்கு. வோல்ஃப் மூட்டை கட்டிட்டுப் போயிட்டார். அடுத்த ராஜா பட்டத்துக்கு வந்தப்புறம், 1740-லதான் திரும்பி வந்தார்.

யோசிச்சுப் பாருங்க. வோல்ஃப் தன்னோட வாதத்துக்குச் சீனா வரைக்கும் போனார். அதே ஊர்ல, மிஷன் காகிதங்களுக்குள்ள, கொன்றை வேந்தன் ஜெர்மன்ல தூங்கிட்டு இருந்துச்சு. ஔவையார் ஒரு தூக்குத் தண்டனை மிரட்டலுக்கு அவ்வளவு பக்கத்துல இருந்திருக்காங்க!

ஆனா சீகன்பால்க் தேர்ந்தெடுத்த புஸ்தகங்களையும் பாருங்க. உலகநீதி, கொன்றை வேந்தன். முக்கால்வாசி இதைச் செய், அதைச் செய்யாதேங்கிற வரிகள். திண்ணைப் பள்ளிக்கூடத்துல பசங்க சத்தம் போட்டுப் படிச்ச புஸ்தகங்கள் அவை. ஒழுக்கம்னா ஒரு விதிப்பட்டியல், அதைக் கண்டுபிடிக்கிறது புத்தின்னு ஒரு படம் மனசுல இருந்தா, தமிழ்ல அந்தப் படத்துக்குப் பொருந்துற நூல்தான் முதல்ல கண்ணுல படும்.

பெஸ்கி கதை இன்னும் சிக்கலானது, ஏன்னா அவர் தமிழ்ல ஊறிப்போன ஆள். சீகன்பால்க் வந்து நாலு வருஷம் கழிச்சு, 1710-ல இந்தியா வந்தார். மதுரை மிஷன்ல சேர்ந்து, காவி கட்டி, ஏலாக்குறிச்சியில பல வருஷம் இருந்து, 3615 பாட்டுல தேம்பாவணி பாடினார். 1732-ல சதுரகராதி முடிச்சார். பரமார்த்த குருவும் அஞ்சு சீடர்களும் வர்ற கதையும் அவர் எழுதினதுதான். புத்தி வேலை செய்யாத ஆறு பேரை வச்சு ஒரு முழுநீள காமெடி. தரங்கம்பாடி லூத்தரன்களுக்கும் அவருக்கும் ஆகவே ஆகாது, அவங்களைத் தாக்கித் தமிழ்லயே புஸ்தகம் எழுதியிருக்கார். அவ்வளவு சண்டையிலயும் ரெண்டு தரப்பும் ஒத்துப்போன ஒரு விஷயம் உண்டு. தமிழ்ல எடுத்துட்டுப் போகத் தகுந்தது அறம். காமம் கூடாது.

தமிழ்ல அகப்பாடல் மரபு என்னன்னு பெஸ்கிக்குத் தெரியாதுன்னு சொல்லவே முடியாது. தெரிஞ்ச மனுஷன்தான் நிறுத்தினார். ஒரு துறவி லத்தீன்ல, தன்னோட சபைக்காரங்க படிக்கிற மொழியில, ஊடலையும் கூடலையும் எழுதுறது தகாதுங்கிறது அவர் எடுத்த முடிவு. எனக்கு அவர் மேல கோபம் வரல. இது அவரோட நின்னிருந்தா அது ஒரு தனிமனுஷனோட கூச்சம், அவ்வளவுதான்.

அது அவரோட நிக்கல. 19-ஆம் நூற்றாண்டுல டபிள்யூ. எச். ட்ரூன்னு ஒரு மிஷனரி குறளை இங்கிலீஷ்ல பெயர்த்தார். காமத்துப்பாலை ஐரோப்பிய மொழி எதுல பெயர்த்தாலும் பெயர்த்தவனுக்கு அவமானம்தான்கிற மாதிரி எழுதி வச்சார். அதைப் படிச்ச ஜி. யூ. போப், பல வருஷம் அந்தப் பக்கமே போகலையாம். கடைசியில ஒரு நாள் திறந்து படிச்சா, பயப்பட ஒண்ணுமே இல்ல, வள்ளுவர் மேல மரியாதை கூடத்தான் செஞ்சுது. 1886-ல 1330 குறளையும் சேர்த்தே வெளியிட்டார். அவரும் பாதிரியார்தான். ஆக, பாதிரியார்னாலே வெட்டுவாங்கங்கிற சுலபமான பதில் இங்க செல்லாது. நம்ம பரிமேலழகரோ 13-ஆம் நூற்றாண்டுலயே, எந்த வெட்கமும் இல்லாம, 133-க்கும் உரை எழுதிட்டுப் போயிட்டார்.

இந்த எபிசோட்ல எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் இப்பத்தான் வர்றார். டேவிட் ஹியூம், ஸ்காட்லாந்துக்காரர். பெஸ்கி இங்க சதுரகராதி முடிச்சு மூணு வருஷம் கழிச்சு, 1735-ல, ஹியூம் பிரான்ஸ்ல லா ஃப்ளெஷ்ங்கிற சின்ன ஊருக்குப் போறார். செலவு கம்மி, நல்ல லைப்ரரி. அங்க ஒரு இயேசு சபைக் கல்லூரி இருக்கு, டெகார்ட் சின்ன வயசுல படிச்ச அதே கல்லூரி. ரெண்டு வருஷம் அங்க உக்காந்து, மனித இயல்பைப் பத்தி ஒரு தலையணை சைஸ் புஸ்தகம் எழுதினார். 1739-ல முதல் ரெண்டு பாகம் வந்தப்ப வயசு 27. ஒருத்தரும் கண்டுக்கல. என்னோட முதல் பத்து எபிசோட் மாதிரி.

அந்தக் கல்லூரியில அதே சமயத்துல டோலுன்னு ஒரு வயசான பாதிரியார் இருந்தார். 1687-ல சயாம், அதாவது இன்றைய தாய்லாந்துக்குப் போன பிரெஞ்சுத் தூதுக்குழுவுல போனவர். அங்க ஆட்சி கவிழ்ந்ததும் பாண்டிச்சேரிக்கு வந்து பல வருஷம் இருந்தவர். கலிஃபோர்னியாவுல இருக்கிற உளவியல் பேராசிரியர் அலிசன் கோப்னிக் 2009-ல ஒரு கட்டுரை எழுதினாங்க. ஹியூமோட சில சிந்தனைகள் புத்த மதத்தோட இவ்வளவு ஒத்துப்போகுதே, டோலு மாதிரி ஆளுங்க வழியா காதுல விழுந்திருக்குமோன்னு. இவங்க ரெண்டு பேரும் பேசினாங்கங்கிறதுக்கு ஆதாரம் எதுவும் கிடைக்கல. ஆனா ஒரு பாண்டிச்சேரிவாசி அந்தச் சின்ன ஊர்ல இருந்தார்ங்கிறதே எனக்குப் போதும். பிரான்ஸ் தனியா, தமிழ்நாடு தனியான்னு பிரிச்சு வச்சுப் படிச்ச நமக்கு இது ஒரு நல்ல உலுக்கு.

ஹியூம் என்ன சொன்னார்? புத்தி உணர்ச்சிக்கு அடிமை, அப்படித்தான் இருக்கவும் வேணும்னு சொன்னார். கேட்டதும் அதிர்ச்சியா இருக்கும். கூகுள் மேப்ஸை நினைச்சுக்கோங்க. வேடசந்தூர்ல நின்னுட்டு, கரூர் போக எவ்வளவு நேரம், திண்டுக்கல் போக எவ்வளவு நேரம்னு கேட்டா துல்லியமா சொல்லும். எந்த ஊருக்குப் போகணும்னு அது சொல்லாது. அது உங்க ஆசை. புத்தி வழியைக் காட்டும், ஊரைத் தேர்ந்தெடுக்காது. அப்ப ஒழுக்கம் எங்கிருந்து வருது? இன்னொருத்தர் வலி நமக்குள்ள அதிர்றதுல இருந்துங்கிறார். ஒரே சுருதியில கட்டின தந்திகள்ல ஒண்ணைத் தட்டினா மத்ததும் அதிருமே, அந்த மாதிரி.

இதுக்குத் தமிழ்ல ஒரு சொல் இருக்கு. கண்ணோட்டம். இப்ப அதைப் பார்வை, கோணம்ங்கிற அர்த்தத்துல பயன்படுத்துறோம். திருக்குறள்ல 58-ஆம் அதிகாரம் அது. அங்க அதோட அர்த்தம், இன்னொருத்தரைப் பார்த்ததும் கண் அவங்க பக்கம் ஓடுறது, இரக்கம். அது எங்க இருக்குன்னு பாருங்க, பொருட்பால்ல, ராஜாவுக்கான பகுதியில. அடுத்த அதிகாரம் ஒற்றாடல், வேவு பார்க்கிறது எப்படிங்கிறது. செய்ற வேலை கெடாம இரக்கம் காட்டத் தெரியணும்னும் வள்ளுவர் சொல்றார். அவர் கணக்குல உணர்ச்சி நிர்வாகத்துக்கே தேவையான ஒரு கருவி.

ஹியூம் இன்னொரு விஷயமும் சொன்னார், எனக்கு இதுதான் முக்கியமாப் படுது. சில உணர்ச்சிகள் சத்தமே போடாது. அமைதியா இருக்கும். அமைதியா இருக்கிறதாலயே அதைப் புத்தின்னு தப்பா நினைச்சுப்போம்.

எங்க மாவட்டத்துல அப்படி ஒரு உணர்ச்சி இருக்கு. அதுக்குப் பேர் குடும்ப மானம். பேசும்போது நியாயம் மாதிரியே பேசும். நாலு பேர் என்ன சொல்லுவாங்க, உன் நல்லதுக்குத்தானே சொல்றோம், ஊர் உலகத்துல இல்லாத வழக்கமான்னு கேக்கும். வேடசந்தூரைச் சுத்தி நூற்பாலைகள். காலையில மில் பஸ்ல கூட்டம் கூட்டமா பொண்ணுங்க வேலைக்குப் போவாங்க. மில் ஹாஸ்டல்னா போன் கூடாது, தனியா வெளிய போகக் கூடாது, காதல் கீதல்னு போயிடக் கூடாதுங்கிற பேச்சு எங்க பக்கம் சர்வ சகஜம். யாரும் கத்திச் சொல்ல மாட்டாங்க. அக்கறையாத்தான் சொல்லுவாங்க.

2016-க்கே வருவோம். ஏப்ரல்ல அந்த 108 அதிகார உத்தரவு வந்துச்சுன்னு சொன்னேன். அதுக்கு முந்தின மாசம், மார்ச் 13, உடுமலைப்பேட்டையில பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல, பட்டப்பகல்ல சங்கரை வெட்டிக் கொன்னாங்க. தலித் இளைஞர், இன்ஜினியரிங் மாணவர். அவரைக் கல்யாணம் பண்ணின கௌசல்யா பழனியைச் சேர்ந்தவங்க, எங்க திண்டுக்கல் மாவட்டம். அவங்களுக்கும் வெட்டு விழுந்துச்சு. பிழைச்சு வந்து, நீதிமன்றத்துல சாட்சி சொல்லி, அப்புறம் மேடை மேடையா ஏறி சாதியை எதிர்த்துப் பேசினாங்க.

நான் உத்தரவையும் கொலையையும் முடிச்சுப் போடல. ஒண்ணுக்கு ஒண்ணு காரணம்னு சொன்னா அது அபத்தம். வெகுளாமை அந்த 108-க்குள்ளதான் இருக்கு, கொல்லாமையும் அதுக்குள்ளதான் இருக்கு. பள்ளிக்கூடத்துல கோபத்தைக் கண்டிக்கிற பத்து குறளையும் படிச்சுட்டு, மானத்துக்குத் தனி அதிகாரம் இருக்கிறதையும் படிச்சுட்டு வெளிய வர்ற ஒரு பையனுக்கு, காதலிக்கிற பொண்ணோட மனசு உள்ள இருந்து எப்படி இருக்கும்னு சொல்ற 25 அதிகாரம் மட்டும் கிடைக்காது. நான் பேசுறது அந்த இடைவெளியைப் பத்தி. காமத்தை வெட்டுறதா நினைச்சுதான் கத்தரி போட்டாங்க. வெட்டுப்பட்டது அவ குரல்.

126-ஆம் அதிகாரம், நிறையழிதல். நிறைன்னா தன்னைத் தானே கட்டுக்குள்ள வச்சுக்கிறது. டெகார்ட்ல இருந்து ஹியூம் வரைக்கும் எல்லாரும் மல்லுக்கட்டின அதே விஷயம். தலைவி அதைக் கதவு, தாழ்ப்பாள், கோடரின்னு வீட்டுச் சாமான்களை வச்சே சொல்லிடுறா. நிறை ஒரு கதவு, நாணம் அதோட தாழ்ப்பாள், காமம் அதை உடைக்கிற கோடரி. மறைச்சு மறைச்சுப் பார்க்கிறேன், தும்மல் மாதிரி சொல்லாம கொள்ளாம வந்துடுதுங்கிறா. பத்து குறள்லயும் வள்ளுவர் குறுக்க வந்து, இப்படிப் பேசலாமான்னு ஒரு வார்த்தை கேக்கல. அவ பேசி முடிக்கிற வரைக்கும் விட்டுடுறார்.

பத்து குறள், பத்து நிமிஷம்கூட ஆகாது. இந்த வாரம் யாரையாவது பக்கத்துல உக்கார வச்சு சத்தமா படிச்சுப் பாருங்க, வீட்ல அப்பா அம்மா இருந்தா இன்னும் நல்லது. அடுத்த எபிசோட்ல தாயுமானவர். மனசை அடக்க முடியலையேன்னு திருச்சியில உக்காந்து புலம்பினவர். அதுவரைக்கும், வர்றேன் மக்களே.